எங்கள் வீட்டு ஆண்களின் நோய்

எங்கள் குடும்பத்தில் யாரும் புற்றுநோயால் செத்ததில்லை. தாத்தா முதுகுவலியால் செத்தார். பெரியப்பா உடம்புச் சூட்டினால் செத்தார். அத்தை காமாலையால் செத்தாள். ஊருக்கு அப்படித்தான் சொன்னோம். சொல்லிச் சொல்லி நாங்களும் நம்பிவிட்டோம். தாத்தாவின் இடுப்பைத் தொட்டாலே அலறுவார் என்பதும், பெரியப்பா கடைசி மாதங்களில் மூத்திரக் குழாயோடு கிடந்தார் என்பதும், அத்தையின் மார்புப் புண்ணுக்காக வீட்டில் சாம்பிராணி அணையாமல் புகைந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. பாத்திக்கு ஆள் விடுவது, உப்பு வாரவைப்பது, லாரி ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. எழுபதை நெருங்கிய வயதிலும் விறகுக்கட்டை போல இருப்பார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையைச் சொல்லும்போதுதான் அடுத்த பீடியைப் பற்ற வைப்பார்.

சுனாமி அலை வந்து போன பிறகு, 2005 தொடக்கத்தில், எங்கள் பக்கம் பார்த்த இடமெல்லாம் மருத்துவ முகாம். அதுவரை ஒரு டாக்டருக்காக நாள் முழுக்கக் காத்திருந்த ஊரில், டாக்டர்கள் நோயாளிகளுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அலை வரவில்லை. உப்பளத்தில்தான் சேறு ஏறியிருந்தது. இருந்தாலும் கண்ணாடி சும்மா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா போனார். கண் பார்த்தவர் பக்கத்து மேசைக்கு அனுப்ப, அங்கிருந்த டாக்டர், "ஐயா, மூத்திரம் சரியா போகுதா?" என்று கேட்டிருக்கிறார்.

"வயசான ஆம்பளைக்கு எப்படிப் போகுமோ அப்படிப் போகுது."

"ராத்திரியில அடிக்கடி எழுந்துக்கிறீங்களா?"

"காவலுக்கு நல்லதுதானே."

அந்த டாக்டர் சிரிக்கவில்லையாம். புதுச்சேரிக்குப் போய் உடனே காட்டச் சொன்னாராம். அப்பா கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முகாமில் என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டதற்கு, "பார்வைதான் கொஞ்சம் மட்டம்" என்றார்.

சேற்றை வாரிப் பாத்திகளைச் சீர் செய்து உப்பெடுக்கத் தொடங்கியபோது நல்ல கோடை. ஒரு மத்தியானம் அப்பாவுக்கு நீர் அடியோடு நின்றுவிட்டது. அடிவயிறு பானை மாதிரி வீங்க, வரப்பில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. உப்பு ஏற்றிக்கொண்டிருந்த லாரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அப்போது பொம்மையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஆரோவில்லில் ஒரு தையல் கூடத்தில் வேலை. செய்தி வந்து நான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பாவுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். சட்டை முழுக்க உப்புத் தூள் காய்ந்து கிடந்தது. முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

அண்ணனும் வந்திருந்தான். குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அவன் சமையல்காரன். அங்கே சேர்ந்ததிலிருந்து அவன் பால் குடிப்பதில்லை, சர்க்கரை தொடுவதில்லை. தீபாவளிக்கு வந்தாலும் அதிரசத்தை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். குழாயைப் பார்த்ததும் அவனுக்குத் தலை சுற்றியது. வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டான். அம்மாவோ, ஆம்பளைங்க சமாச்சாரம் என்று வாசலோடு நின்றுவிட்டாள். அதனால் எங்கள் வீட்டு ஆண்களின் நோயை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள, அந்த உறுப்பே இல்லாத நான் மட்டும்தான் மிஞ்சினேன்.

ரத்தம் எடுத்தார்கள், சதை எடுத்தார்கள், எலும்புக்குப் படம் எடுத்தார்கள். ஒரு வாரம் போல ஆனதும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், மெதுவாகப் பேசுவார். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் புற்றுநோய், இடுப்பெலும்பு வரை போயிருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது புத்துநோய் வந்திருக்குதா?"

"ஒருத்தருக்கும் இல்ல சார்," என்றார் அப்பா. நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னார்.

"உங்கப்பா எப்படி இறந்தாரு?"

"முதுகுவலிங்க."

"அண்ணன் தம்பிங்க?"

"ஒரே அண்ணன். சூட்டுல நீர் அடைச்சிக்கிட்டு போயிட்டாரு. நாங்கல்லாம் வெயில்ல வேலை செய்யறவங்க சார்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "பொம்பளைங்கள்ல?"

"அதுங்களுக்கு இந்த நோய் எப்படி சார் வரும்?" டாக்டருடைய படிப்பின் மேலேயே அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அத்தைக்கு மார்ல கட்டி இருந்தது," என்றேன். "புண்ணாயி, அதுலதான் செத்தாங்க."

அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அவளுக்குக் காமாலைம்மா."

"கடைசியில காமாலையும் வந்துச்சிப்பா. மொதல்ல வந்தது கட்டி."

டாக்டர் விளக்கினார். இந்த நோய்க்கு முதல் காரணம் வயது, அடுத்தது குடும்பம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் நமக்கு வர வாய்ப்பு கூடுகிறது. பெண்களுக்கு மார்பில் வருவதும் சில குடும்பங்களில் அதே வழியாகத்தான் இறங்குகிறது. "உங்க பையன் நாப்பது தாண்டிட்டாரா? அவரு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கணும். நீங்களும் வருஷத்துக்கு ஒருவாட்டி மார்பைக் காட்டிக்கணும்மா." சுற்றி வளைக்காமல் சொன்னார். அதுவரை நான் துணைக்கு வந்தவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உப்புத் தண்ணியில நின்னுக்கிட்டே இருந்ததால வந்திருக்குமா சார்?" என்று அப்பா கேட்டார். அவருக்கு அதில் ஒரு நம்பிக்கை இருந்தது.

"உப்பளத்தால வந்துதுன்னு சொல்றதுக்கில்ல ஐயா."

அப்பாவுக்கு அது ஏமாற்றம்தான். வாழ்நாள் முழுக்க உழைத்த இடத்தின் மேல் பழி போட முடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அண்ணனுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவனிடம் காரணம் தயாராக இருந்தது. வார்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாடம் எடுத்தான். கொழுப்பைக் குறைக்க வேண்டும், கறியைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், தொப்பை கூடாது, தக்காளியை வேகவைத்துச் சாப்பிட வேண்டும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வருஷத்தில் நாலு பண்டிகைக்குக் கறி தின்றவர், சைக்கிள்கூட இல்லாமல் உப்பளத்துக்கு நடந்தே போய் வந்தவர், இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டவர். அண்ணன் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்ட வாழ்க்கையை, வேறு வழியில்லாமல் அறுபது வருஷம் வாழ்ந்து முடித்தவர். அந்தப் பட்டியலில் அப்பா மாட்டிய ஒரே இடம் பீடி.

"அதைத்தான் மொதல்ல விடணும்," என்றான் அண்ணன்.

"விடறேன்டா. நீ போயி ரத்தம் குடு."

"எனக்கு எதுக்கு? நான் சுத்தமா சாப்பிடறேன்."

"உங்க தாத்தனும் சுத்தமாத்தான் சாப்ட்டாரு. கேழ்வரகுக் கூழு."

டாக்டரிடம் இதைக் கேட்டேன். உடம்பை ஒல்லியாக வைத்துக்கொள்வது, புகையை விடுவது எல்லாம் நல்லதுதான், நோய் வந்தாலும் மூர்க்கமாகாமல் இருக்க உதவலாம், இதயத்துக்கும் நல்லது, ஆனால் எதுவும் உத்தரவாதம் கிடையாது என்றார். நான் போய் அண்ணனிடம் சொன்னதில் 'நல்லது' என்பது மட்டும் அவன் காதில் விழுந்தது.

சிகிச்சைக்கு இரண்டு வழி இருந்தது. ஆண்மைச் சுரப்பு இருக்கும்வரை இந்த நோய் வளரும். அதை நிறுத்த வேண்டும். மாதக்கணக்கில் ஊசி போடலாம், இல்லாவிட்டால் சின்ன ஆபரேஷனில் விதைகளை எடுத்துவிடலாம். இதைக் கேட்டதும் அப்பா என்னை வெளியே போகச் சொன்னார். நான் எழுந்தேன். அம்மா உள்ளே வந்தாள். கதவைச் சாத்தவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "இதை எடுத்துட்டா அப்புறம் நான் இன்னா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நாற்பது ஆட்களை அதட்டி வேலை வாங்கிய குரல் அது என்று நம்ப முடியவில்லை.

அம்மா யோசித்துப் பதில் சொன்னாள். "சாயங்காலம் ஆனா எனக்குப் பேச்சுத் துணை வேணும். அதுக்கு இது தேவையில்ல. எடுத்துக்கச் சொல்லுங்க."

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் வாரமே அப்பா நடமாடத் தொடங்கினார். அதுவரை வெளியில் சொல்லாமல் வைத்திருந்த இடுப்புவலி குறைந்தது. வேறொன்று வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பி முகமெல்லாம் சிவந்து வேர்த்துக் கொட்டும். அப்படியே சட்டையைக் கழற்றி எறிவார். அவர் பயந்துபோனார். பீடியை விட்டதால் இருக்கும் என்றான் அண்ணன். அம்மா ஒருத்திதான் கலங்கவில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தூரம் நின்ன வருஷம் இதேதான் வந்தது," என்றாள். "அப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

அப்பா வேட்டி முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேலை செய்யாம இருக்க நடிக்கிறாள்னு சொன்னீங்க."

"சொன்னேன்," என்றார் அப்பா.

"தண்ணியால மூஞ்சியைக் கழுவுங்க. கொஞ்ச நேரத்துல போயிடும். திரும்ப வரும்." விசிறிக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் வேர்வையைப் பற்றி நிறையப் பேசினார்கள். எந்த வேளையில் வருகிறது, எது சாப்பிட்டால் வருகிறது என்று, ஒரே ஊரில் வேலை பார்த்துத் திரும்பிய இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி. அவர்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசி நான் முன்பு பார்த்ததில்லை.

2006 பொங்கல் கழிந்து அப்பாவுக்கு மறுபரிசோதனை இருந்தது. அன்றைக்கே நானும் மார்பைக் காட்டிக்கொள்வதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். அண்ணனை நாங்கள் ஏமாற்றித்தான் கூட்டிப் போனோம். அப்பாவுக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி வரவழைத்து, ரத்தம் எடுக்கும் இடத்தில் அப்பாவே அவன் முழங்கையைப் பிடித்து மேசை மேல் வைத்தார். ரத்தத்தோடு விடவில்லை. டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டு, உறை போட்ட விரலால் பின்புறம் வழியாகச் சுரப்பியைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்த அண்ணன் பெஞ்சில் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கும் அப்படித்தான்டா பார்த்தாங்க," என்றார் அப்பா. "ஒண்ணும் ஆவாது."

எனக்கு எதுவும் இல்லை, வருஷா வருஷம் வரச் சொன்னார்கள். அப்பாவின் ரத்தத்தில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். அவற்றில் பாதிக்கு மேல் உப்பளத்துக்கும் போனார். அண்ணனுடைய ரத்தமும் அன்றைக்கு ஒழுங்காகவே இருந்தது.

"பார்த்தியா," என்றான் என்னிடம். "தக்காளி."

டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "அடுத்த வருஷமும் வாங்க," என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடையில் பஸ்ஸுக்காக நின்றோம். வாழைக்காய் பஜ்ஜி சட்டியிலிருந்து இறங்கியது. அண்ணன் ஒன்றை எடுத்துப் பேப்பரில் வைத்து எண்ணெயை ஒற்றினான். பிறகு ஒற்றாமலே இன்னொன்றை எடுத்தான். சர்க்கரை போட்ட டீ ஒன்று வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். அப்பா அவன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்குதாடா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றான் அண்ணன், வாய் நிறைய பஜ்ஜியோடு. அப்பா எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதற்குள் அவருக்கு முகம் சிவந்து வேர்க்கத் தொடங்கியது. அண்ணன் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரரிடம் ஒரு அட்டையைக் கேட்டு வாங்கி அவருக்கு விசிறினான்.