பரவை பஸ்ஸில் ஆயிரம் சாவிகள்

மகாஜனங்களே, இன்று காலை ஆரப்பாளையத்திலிருந்து பரவை போகும் பஸ்ஸில் நடந்ததைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஒருவரும் நம்பப் போவதில்லை.

முன்சீட்டில் ஒரு பெண், மடியில் இரண்டு வயதுப் பிள்ளை. மூன்று நாளாக வைரஸ் காய்ச்சலாம். திடீரென்று பிள்ளைக்குக் கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது.

"ஐயோ, எம்பிள்ள!" என்று அலறினாள்.

"ஃபிட்ஸுண்ணே! இரும்பக் கையில குடுங்க, நின்னுரும்!" என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பீரோச் சாவி என ஆயிரம் சாவிகள் பாய்ந்தன. நாயக்கர் மகால் சாவி மட்டும்தான் பாக்கி. ஒருவர் டிபன் பாக்ஸ் ஸ்பூனால் பல்லை நெம்பப் பார்த்தார். இன்னொரு புண்ணியவான் செல்போனை நீட்டி, "மாப்ள, தள்ளு, முகம் தெரியல" என்றான். காறித் துப்ப வைகை நிறைய எச்சில் வேண்டும்.

பின்சீட்டிலிருந்து ஒரு நர்ஸம்மா எல்லோரையும் இடித்துக்கொண்டு வந்தார். "ஸ்பூன எடுய்யா! பல்லு ஒடைஞ்சு தொண்டைக்குள்ள போகவா? தள்ளுங்க, காத்து வரட்டும்!"

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, கடிகாரத்தையே பார்த்தார். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. பிள்ளை வீறிட்டு அழுதது.

"காய்ச்சல்ல சில பிள்ளைகளுக்கு இப்படி வரும்மா, பயப்படாத. ஆனா இப்பவே டாக்டர்ட்ட காட்டணும்" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

ஆயிரம் சாவி என்றது பொய்தான். பிள்ளையின் விரல்களைப் பிரித்து முதலில் திணித்த ஒரு வீட்டுச் சாவி மட்டும் நிஜம். அது என்னுடையது.

திட்ட விரும்புவோர் கீழே கமெண்டில் வரிசையில் வரவும்.