மண்ணடியில் கேட்ட அறை

“பட்டணத்துல உனக்கு யாரு வூடு குடுப்பா மே? ஒரு மாசத்துல நீயே ஓடியாந்துடுவ பாரு” என்று போளூர் பஸ் நிலையத்தில் அண்ணன் சொன்னான். ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளிப் படிப்பில் தேறி, டைப்பிங்கும் முடித்து, சென்னை பாரிமுனையில் ஒரு காகிதக் கடையில் வேலையும் வாங்கியிருந்தேன். பஸ் ஏறினேன்.

பெண்கள் விடுதியில் அந்த மாதக் கடைசிவரைதான் இடம். அதற்குள் அறை கிடைக்காவிட்டால் அண்ணன் வந்து கூட்டிப்போவான் என்பது அப்பாவின் முடிவு. போனால் வேலை போய்விடும். மறுபடி என்னை மலையிலிருந்து இறங்க விடமாட்டார்கள்.

தினமும் வேலை முடிந்து தெருத்தெருவாக நடந்தேன். மலையில் மேடு பள்ளத்தை வைத்தே வழி தெரியும். இங்கே எல்லாம் ஒரே மட்டம். இரும்புக் கடைகளின் சத்தத்தையும் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையின் அழுகல் நாற்றத்தையும் நம்பித்தான் திரும்பினேன். “ஓரம் போம்மா, வேடிக்க பாக்க வந்தியா?” என்று கைவண்டிக்காரர்கள் கத்துவார்கள்.

மண்ணடியில் ஒரு வீட்டு அம்மாள் மட்டும் முகம் கொடுத்துப் பேசினார். “வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா.”

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கேட்டுவிட்டால், பதில் வரும்வரை இன்னொரு வாசலில் போய் நிற்பதில்லை. அது முதலில் கேட்டவர்களை அவமதிப்பது. போய் நெருக்குவதும் கிடையாது. ஐந்து நாள் காத்திருந்தேன். ‘வாடகைக்கு’ என்று தொங்கிய அட்டைகளைப் பார்த்தும் பாராமல் கடந்தேன். ஆறாம் நாள் போனபோது அந்த அறையின் ஜன்னலில் யாருடைய லுங்கியோ காய்ந்துகொண்டிருந்தது.

“நீ திரும்பி வரவே இல்லியே. வேணாம்போலன்னு நெனச்சோம்” என்றார் அம்மாள்.

விடுதியில் அண்ணனின் கார்டு வந்திருந்தது. சனிக்கிழமை வருகிறானாம், தயாராக இருக்க வேண்டுமாம். இடையில் இரண்டே நாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அந்த இரண்டு மாலையும் ஒரு வாசலையும் விடவில்லை. “தனிப் பொண்ணுக்குக் குடுக்கறதில்ல.” “மலையா? பில்லி சூனியம் வெப்பீங்களாமே?” வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் மண்ணடியிலேயே, வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரத்துக்காக வந்து குடியேறிய ஒரு முஸ்லிம் வீட்டுப் பெரியம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, “இன்னாம்மா, நம்ம பக்கத்துப் பொண்ணா?” என்றார். மாடியில் சின்ன அறை இருந்தது. ஆனால், “உங்க வூட்டு ஆம்பள ஒருத்தரு வந்து கேக்கணும். அப்பத்தான் எங்க வூட்ல ஒத்துக்குவாங்க” என்றார்.

சம்பாதிக்கிற எனக்காக இன்னொருவர் வந்து கேட்க வேண்டுமா? வேறு வழியில்லை. “நாளைக்கு எங்கண்ணன் வருவாருங்க” என்றேன்.

சனிக்கிழமை பிராட்வே பஸ் நிலையத்தில் இறங்கியதும் அண்ணன் என் வெறுங்கையைப் பார்த்தான்.

“பொட்டி எங்க மே?”

“வாண்ணா, காட்றேன்” என்று மண்ணடிப் பக்கம் நடந்தேன். எனக்காக அவன் வாய் திறப்பானா என்று தெரியவில்லை. பெட்டியைக் காலையிலேயே பெரியம்மா வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.