நூறு வயதுப் பாப்பா

எதில் தேதி எழுதினாலும் ஆண்டை நான்கு இலக்கத்தில்தான் எழுதுவார், சர்க்கரை டப்பாவின் மூடியில்கூட. "ஏங்க, அடுத்த நூற்றாண்டு வரைக்குமா இந்தச் சர்க்கரை இருக்கப் போகுது?" என்று மனைவி இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பார், காரணம் சொல்ல மாட்டார். மருத்துவமனைக் கணினி அறையைப் பார்த்துக்கொண்ட அவருக்கு 'தேதிக்காரர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்க நான்கு மாதம் இருந்தபோது பழைய மென்பொருளைச் சரிசெய்யும் வேலை அவர் தலையில் விழுந்தது. அதில் நோயாளிகளின் பிறந்த ஆண்டு கடைசி இரண்டு இலக்கமாகவே இருந்தது. எல்லாப் பதிவையும் விரிக்க நேரமில்லை. ஒரே ஒரு வரி எழுதினார்: இருபதுக்குக் கீழே என்றால் புது நூற்றாண்டு, மற்றதெல்லாம் பழையது. எண்பதைத் தாண்டிய சிலருக்கு மட்டும் வயதைக் கையால் எழுதிக்கொண்டார்கள். இருபது வருடத்துக்குள் இந்த மென்பொருளை எவனாவது தூக்கிப் போட்டுவிடுவான் என்று நம்பினார். ஒருவனும் போடவில்லை. மாற்றி எழுத அனுமதி கேட்டால் ஏன் என்பார்கள். அந்தப் பயத்தில் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினார்.

இரண்டாயிரத்து இருபது, ஜனவரி மூன்றாம் தேதி காலை. குழந்தைகள் வார்டிலிருந்து சின்ன சிஸ்டர் போன் செய்தாள்.

"சார், எங்க வார்டுல நூறு வயசுப் பாப்பா ஒண்ணு இருக்கு. பல்லுதான் இன்னும் முளைக்கல!"

மருந்துச் சீட்டில் அளவு அச்சாவதும் அந்த வயதை வைத்துத்தான்.

"மருந்து குடுத்துட்டீங்களா?"

"ஏன் சார் கத்துறீங்க?"

போனை வைக்காமலே ஓடினார். மூன்று மாடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு சொட்டு அந்தச் சின்ன வாய்க்குள் இறங்குவதாகவே தோன்றியது.

குழந்தை கை கால் உதைத்துக்கொண்டிருந்தது. சீட்டில் பெரியவர் அளவு அடிக்கப்பட்டு, பேனாவால் வேறொன்று எழுதியிருந்தது.

"எடை மூணு கிலோகூட இல்ல சார். டாக்டர் வர நேரமாச்சு. எடைக்குத் தக்கபடி நானே குடுத்துட்டேன்."

நேராகக் கணினி அறைக்குத் திரும்பினார்.

அந்த வரியில் இருபதை முப்பதாக்கினால், தொள்ளாயிரத்து இருபதுகளில் பிறந்த கிழவர்களெல்லாம் இன்னும் பிறக்காதவர்களாகிவிடுவார்கள். மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் அத்தனை பதிவையும் நான்கு இலக்கமாக விரித்து முடித்தார்.

அச்சடித்த சீட்டில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. மேட்ரன் அவரை அழைத்தபோது சின்ன சிஸ்டரும் அங்கே நின்றாள்.

"கம்ப்யூட்டர் நூறு வயசுன்னு காட்டிச்சாம். இவ சொல்றா. அதுல கோளாறு ஏதாவது உண்டா?"

திரை சரியான வயதைக் காட்டிக்கொண்டிருந்தது. வேலையில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

"இப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு, மேடம்."

பொய் இல்லை. ஆனால் சின்ன சிஸ்டர் அவரையே பார்த்தாள். மீறல் என்று அவள் கோப்பில் எழுதினார்கள். பதவி உயர்வு நின்றது. மேட்ரனுக்கு உண்மையை எழுத ஐந்தாறு முறை உட்கார்ந்தார். முதல் வரியைத் தாண்டவில்லை. நடைக்கூடத்தில் எதிர்ப்பட்டால், "சாப்பிட்டீங்களா சார்?" என்று சின்ன சிஸ்டர் வழக்கம்போலக் கேட்பாள். தலையை மட்டும் ஆட்டுவார்.

ஓய்வு பெற்ற மறுவருடம் மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி கேட்டு மருத்துவமனையிலிருந்து முதலில் வந்தவள் அவள்தான். அவள் கோப்பில் அந்தக் குறிப்பு இன்னும் அழிக்கப்படவில்லை.