சிவராசா அண்ணை ஓடிய ஐம்பது மீற்றர்

ஆரம்பகால ஒலிம்பிக்கில் ஒரே ஆள் பல விளையாட்டுகளில் இறங்கிவிடுவாராம். அப்படிப்பட்ட அயர்லாந்து வீரர் ஒருவரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு அலுவலகத்தில் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் யாழ்ப்பாணத்தவர். "எங்கடை சண்டிலிப்பாயிலையும் உப்பிடி ஒருத்தர் இருக்கிறார். ஓட்டம், நீளம் பாய்தல், ஈட்டி, உதைபந்து, ஒண்டையும் விட்டுவைக்கேல்லை. போய்ப் பாருமன்," என்றார். பெப்ரவரியில் அங்கே பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று கேள்விப்பட்டு நாள் குறித்தேன்.

கொழும்பில் காலை ரயில் பிடித்தால் மதியம் தாண்டி யாழ்ப்பாணம். அங்கிருந்து சண்டிலிப்பாய் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்தேன். பஸ்ஸில் நூறு ரூபாவுக்குள் போயிருக்கலாம், உடம்பு வளையவில்லை. தேடி வந்தவரின் பெயர் சிவராசா என்று சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்குப் போன வருசம் கண் பார்வை போட்டுது, தெரியுமோ அண்ணை? எண்டாலும் நாளைக்குப் பழைய மாணவர் ஓட்டத்திலை ஓடுறாராம்."

பார்வை இல்லாமல் எப்படி ஓடுவார் என்று யோசித்தபடியே போனேன்.

சிவராசா அண்ணை மைதானத்தில்தான் ஒத்திகையில் இருந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல், முதுகு மட்டும் இன்னும் நிமிர்ந்தபடி. ஐம்பது மீற்றர் தள்ளி அவர் மனைவி மனோன்மணி அக்கா நின்று, "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அண்ணை நேராக ஓடி வந்தார். அக்கா இரண்டு கையாலும் அவரை மறித்து நிறுத்தினார்.

அயர்லாந்துக்காரரைப் பற்றி அண்ணையிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "வயசு போன பிறகும் ஓடினவரோ தம்பி?" என்றார். நான் படித்தது பதக்கங்களோடு முடிந்துவிட்டது. தெரியாது என்றேன். "அதையல்லோ எழுதவேணும்," என்று சிரித்தார்.

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "கண் போனதிலையிருந்து மனுசன் வாசலைத் தாண்டேல்லை. இந்த ஓட்டத்துக்காகத்தான் வெளியிலை வந்தவர். நாளைக்குப் பிழையாப் போச்சுதெண்டால் திரும்பவும் அறைக்குள்ளை போய் இருந்திடுவார் தம்பி."

மறுநாள் பழைய மாணவர் ஓட்டத்துக்கு ஆறு பேர். அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டதால் பாண்ட் வாத்தியம் நின்றது, கூட்டமும் அமைதியானது. விசில் ஊதியதும் அண்ணை நன்றாகத்தான் கிளம்பினார். ஆனால் மற்ற ஐந்து பேரின் மனைவிமாரும் கோட்டோரம் நின்றார்கள். புருசன் ஓடும்போது யாரால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியும்? "இஞ்சாருங்கோ, கெதியா!" "இஞ்சாருங்கோ, பாத்து!" என்று ஆளுக்கொரு பக்கம். புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அந்த வயதுக்காரரிடம் இல்லை. எல்லா வீட்டிலும் 'இங்கே பாருங்கள்' என்கிற இந்த ஒரே அழைப்புத்தான். ஒத்திகையில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணை பாதியில் நின்றுவிட்டார். தலையை அங்குமிங்கும் திருப்பினார். மற்றவர்கள் ஓடி முடித்த பிறகும் அந்த மனைவிமாரின் கூப்பாடு ஓயவில்லை. அண்ணையின் கைகள் மெல்லத் தொங்கிப் போயின.

மனோன்மணி அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"சிவராசா! இஞ்சை வா, சிவராசா!"

கோட்டோரம் நின்ற மனைவிமார் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணையின் முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு ஓடினார் பாருங்கள்! கடைசியாக வந்தவருக்கு அத்தனை கைதட்டல் விழுந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அக்கா வெட்கத்தில் அவர் தோளிலேயே முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் போங்கள், பள்ளிக்கூடப் போட்டிகள் அப்போதுதான். வெயில் சுடும், தொப்பி அவசியம். தங்குவதற்கு யாழ் நகரம்தான் வசதி. பழைய மாணவர் ஓட்டம் முடியும்வரை எழுந்து போய்விடாதீர்கள்.

மறுநாள் காலை விடைபெறப் போனேன். அண்ணை வீட்டுக்குள் இல்லை. வாசற் படலையைத் தாண்டி, தெருவில் நின்று போகிறவர் வருகிறவரோடெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது!"

அண்ணை அசையவில்லை. "பேரைச் சொன்னால்தான் வருவன்," என்றார்.