முதல் ஊகம்

இங்கிலாந்தில் சாரல் விழுந்தால் மன்னிப்புக் கேட்கிறார்கள். நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா காலையில் ஜன்னலைப் பார்த்துவிட்டு, தானே மழையை வரவழைத்த மாதிரி என்னிடம் வருத்தப்படுவாள். நானோ, சாரல் கண்டதும் தென்காசியில் பாத்திரக்கடையை அடைத்துவிட்டு, தலையில் எண்ணெயோடு குற்றாலத்துக்கு வண்டி பிடிக்கிறவரின் மகன். அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு நடப்பேன்.

அங்கே என் பாடு உருகிய உப்போடு. அதிலுள்ள நேர்மின் துகள்களும் எதிர்மின் துகள்களும் ஒன்றையொன்று எப்படிச் சூழ்ந்து நிற்கின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்கிட வேண்டும். விடை நேரடியாக வராது. முதலில் ஓர் ஊகத்தைக் கொடுத்து, வருகிற விடையைப் பழையதோடு கொஞ்சம் கலந்து மறுபடி கொடுக்க வேண்டும். விடை மாறாமல் நிற்கும்வரை இதே கதைதான். முதல் ஊகம் கோணலானால் எண்கள் தறிகெட்டு ஓடும். மின்விசை எவ்வளவு தூரம் தள்ளிப்போனாலும் அற்றுப்போகாது என்பதால் மற்றத் திரவங்களைவிட இது அதிகம் படுத்தும். ஊரைவிட்டுக் கிளம்பும்முன் அப்பாவிடம் இதை விளக்கினேன்.

"ஏலே, உப்ப உருக்கினா யாரு பக்கத்துல யாரு நிக்கான்னு பாக்கவா கப்பலேறுத?" என்றார்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் தந்தி வந்தது. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் பக்கத்தில் சாவை யாரும் தந்தியில் எழுத மாட்டார்கள். வருகிறவன் வழியில் உடைந்துபோவானென்று சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள். படித்ததும் வீடே அழ ஆரம்பித்துவிடும். நானும் அழுதேன், தலைமுழுகினேன். பேராசிரியரிடம் போய் அப்பா இறந்துவிட்டார் என்றேன். அவர் தந்தியை வாங்கிப் பார்த்தார்.

"கவலைக்கிடம் என்றுதானே இருக்கிறது? விமானச் சீட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், போய் வா."

"எங்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவார்கள். இந்நேரம் எரித்திருப்பார்கள். இனி போய் என்ன ஆகப்போகிறது?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தாரே தவிர, மறுத்துப் பேசவில்லை. துறையில் எல்லோரும் வந்து கைகுலுக்கித் துக்கம் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் என் முறை அந்த வாரம்தான். உட்கார்ந்து ஓட்டினேன். எண்கள் நிற்கவேயில்லை.

அடுத்த வாரம் இன்னொரு தந்தி. 'ஃபாதர் எக்ஸ்பயர்ட் திஸ் மார்னிங்.'

இரண்டையும் அடித்தவன் என் தம்பி. காலேஜ் படித்த பிள்ளை, உள்ளதை உள்ளபடியே எழுதியிருக்கிறான். படுபாவி, ஊரே பொய் எழுதும்போது நீ மட்டும் ஏண்டா உண்மை எழுதினாய் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிற்பாடு நான் ஊருக்குப் போனபோது அவன்தான் சொன்னான்: "அப்பா வாசலயே பாத்துட்டுக் கெடந்தாவ. பெரியவன் எங்கன வருதான், எங்கன வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ."

அன்றைக்கு அந்த இரண்டாவது தந்தியை யாரிடம் காட்டுவது? துக்கம் கேட்க வேண்டியவர்கள் கேட்டு முடித்தாயிற்று. பக்கத்து மேசைக்காரன் கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்தான். பரவாயில்லை என்றேன். தென்காசியில் அப்போதுதான் அப்பாவைத் தூக்கியிருப்பார்கள். இங்கே அவர் போன வாரமே செத்துப்போயிருந்தார்.