போனை வைத்துவிடாதீர்கள்

எங்கள் ஆட்கள் போன் எடுத்தால் பெயர் சொல்வதில்லை. "நான்தான்" என்றால் போதும். அம்மாவும் அப்படித்தான், பெரியம்மாவும் அப்படித்தான். குரலைக் கேட்டும் ஆள் பிடிபடவில்லை என்றால் அது கேட்டவரின் குற்றம். "என்ன, என்ர குரலே மறந்துபோச்சோ?" என்று ஒரு வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். இந்த வழக்கத்தின் அருமை மெல்பேர்ணுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இங்கே எந்த அழைப்பும் பெயரில்தான் தொடங்குகிறது. எனக்கோ என் பெயரைச் சொல்ல வராது.

எனக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் என்னைக் கொன்னை என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அதற்குப் பெயரே வைக்கவில்லை. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். என் வயது, என் வகுப்பு, எனக்குப் பிடித்த கறி எல்லாம் அம்மாவின் வாயால்தான் வெளியே போயின. மற்றச் சொற்களை ஒருவாறு சமாளிக்கலாம். ஒரு சொல் தடக்கப்போகிறது என்று தெரிந்தால், அதே பொருளில் வேறொன்றைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். பெயருக்கு மட்டும் பதிலாகப் போட ஒன்றுமில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குக் கோபம் அதிகம். மனதுக்குள் நான் மிக நன்றாகத் திட்டுவேன், ஒரு எழுத்துக்கூடத் தடக்காது.

பெண் பார்க்க வந்த அன்று தேநீரை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். கேட்டதற்கெல்லாம் அம்மா பதில் சொன்னார். "வாய் திறக்காத பிள்ளை, நல்ல அடக்கம்" என்று மாமி போன இடமெல்லாம் சொன்னாராம். மாப்பிள்ளை மெல்பேர்ணிலிருந்து விடுமுறையில் வந்தவர், அவசரமாகக் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. நல்ல மனிதர், கோபிக்கவில்லை. அம்மா விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கினார்.

வங்கி, மின்சாரக் கம்பனி, பல் வைத்தியர், எல்லோருடனும் அவர்தான் கதைப்பார். "நீர் இரும், நான் கதைக்கிறன்" என்பதுதான் எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் வசனம். ஒருமுறை என்னிடமேதான் பேச வேண்டும் என்று வங்கிப் பெண் பிடிவாதமாக நின்றாள். இவர் குரலை மெல்லியதாக்கிக்கொண்டு நானாக நடித்துப் பார்த்தார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஐயா, உங்களுக்குத் தொண்டை சரியில்லையா?" என்றாள். அன்று சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. சிரித்து முடிந்ததும் எனக்கு அவமானமாக இருந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு நான் கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்தேன். பெரிய வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. உண்மையைச் சொன்னால், இரத்தம் கேள்வி கேட்காது என்பதற்காகத்தான் அந்தப் படிப்பையே எடுத்தேன். நேர்முகத் தேர்வு நடந்த நாள் எனக்கு நல்ல நாள். அப்படியும் சில நாட்கள் வரும், நாக்கு தன்பாட்டில் ஓடும், ஏன் என்று எனக்கே தெரியாது. அன்று நான் கொஞ்சம் கூச்சமான ஆள் என்று மட்டும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் ஆய்வுகூடத்திலும் போன் இருந்தது. உயிருக்கு ஆபத்தான முடிவு ஒன்று வந்தால், கணினியில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதைப் பார்த்தவரே வார்ட்டுக்குப் போன் எடுத்து, தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரைச் சொல்லி, முடிவைச் சொல்ல வேண்டும். போனை எடுத்த தாதி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரி என்று சொன்ன பிறகுதான் போனை வைக்கலாம். கண்டிப்பான விதி, நியாயமான விதியும்கூட.

என்னோடு வேலை செய்த பிலிப்பீன்ஸ்காரர் ஒருவர் என் நிலையை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். சிறுநீர், மலம் என்று மற்றவர்கள் முகம் சுளிக்கும் மாதிரிகளையெல்லாம் நான் செய்வேன், என் போன்களை அவர் எடுப்பார். இந்த ஒப்பந்தத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. மாதக்கணக்காக ஒழுங்காக நடந்தது. பிறகு புதிய மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார்.

அவருக்குக் கூர்மையான கண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் வேலையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் நீ போனில் பேசி நான் பார்த்ததே இல்லை" என்றார். கதவு மூடியிருந்தது. கேலியில்லாமல், நிதானமாகத்தான் கேட்டார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் வாய் வேண்டுமே. நான் சும்மா நின்றேன். அவர் காத்திருந்தார், பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். "அடுத்த ஞாயிறு காலை ஆய்வுகூடத்தில் நீ தனியாக நிற்கிறாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட முடியும்." எங்கள் ஊரில் மௌனமாக இருந்ததற்கு மாப்பிள்ளை கிடைத்தது, இங்கே அதற்கு வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிறு காலை கணவர்தான் காரில் கொண்டுபோய் இறக்கினார். வாசலில் நிறுத்திவிட்டு, "ஒண்டும் வராது, பயப்பிடாதையும்" என்றார். "ஏதும் எண்டால் எனக்கு எடும். நான் கதைக்கிறன்."

"ஓம்" என்றேன். ஓம் மட்டும் எனக்கு ஒருநாளும் தடக்கியதில்லை. அதனால்தானோ என்னவோ வாழ்க்கை முழுக்க எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன்.

வார்ட்டுகளிலிருந்து இரத்தம் அடைத்த சிறு குழாய்கள் சுவருக்குள் ஓடும் பெரிய குழாய் ஒன்றின் வழியாகக் காற்றின் வேகத்தில் வந்து, எங்கள் கூடைக்குள் தொப்பென்று விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் போனைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்தேன். எல்லாம் ஒழுங்கான முடிவுகள். நேரம் போகப்போகக் கொஞ்சம் தைரியம் வந்தது. கொண்டுபோன இடியப்பத்தை எப்போது சாப்பிடலாம் என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் திரையில் ஒரு வரி சிவப்பானது.

பொற்றாசியம். இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு மிக மிக மேலே. அந்த அளவில் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். இரத்தம் எடுத்தபோது பழுதாகியிருந்தால் பொய்யாகவும் அப்படிக் காட்டும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இரத்தத்தின் மேல் நின்ற நீர் சிவக்காமல் தெளிவாக இருந்தது. இன்னொருமுறை ஓடவிட்டேன். இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தபோது, பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த நோயாளிக்காக வேண்டினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எனக்காகத்தான் வேண்டினேன். மீண்டும் அதே எண் வந்தது.

ஓடிப்போய் நேரில் சொல்லலாமே என்று எனக்கும் தோன்றியது. வார்ட் அடுத்த கட்டிடத்தில், அதன் கதவை என் அட்டை திறக்காது. ஆய்வுகூடத்தை ஆளில்லாமல் விடவும் கூடாது. போனை எடுத்தேன்.

"ஹலோ, வார்ட்" என்று ஒரு பெண் குரல், அவசரமான குரல். நான் வாயைத் திறந்தேன். பெயரின் முதல் எழுத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. காற்று வரவில்லை, சத்தமும் வரவில்லை. திக்குவாய் என்றால் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படியில்லை. எனக்கு எல்லாம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பக்கம் கேட்பவருக்கு அது வெறும் மௌனம்.

"ஹலோ? ஹலோ?" டக்கென்று வைத்துவிட்டார்.

மறுபடி எடுத்தேன். இந்த முறை பெயருக்குப் பதிலாக ஆய்வுகூடம் என்று தொடங்கப் பார்த்தேன். அதுவும் பூட்டியது. "யாரது? ஒன்றும் கேட்கவில்லை" என்றார் அதே பெண். பிறகு பக்கத்தில் யாருக்கோ, "லைனில் ஒருவருமில்லை" என்றார். நான் இருக்கிறேன்! இருக்கிறேன் என்று உள்ளே கத்தினேன். போனை வைத்துவிட்டார்.

அந்தத் தாதி மேல், அம்மா மேல், போனைக் கண்டுபிடித்தவன் மேல் எல்லாம் ஆத்திரம் வந்தது. என் கைத்தொலைபேசி மேசையில் கிடந்தது. அதை எடுத்துக் கணவரின் பெயரை அமத்தப் போனேன். அவர் எடுப்பார், "நீர் இரும்" என்பார். ஆனால் அவர் யாரென்று வார்ட்டுக்குச் சொல்வது? வீட்டில் தோசைக்கு ஊறப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் வைத்தியசாலைக்கு எடுத்து, உங்கள் நோயாளியின் பொற்றாசியம் கூட என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும் நோயாளியின் பெயரை வெளி ஆளான அவருக்கு நான் சொல்லக் கூடாது. முதன்முறையாக ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எனக்காகப் பேச உலகத்தில் ஒருவரும் இல்லை. அதைவிட மோசம், அந்த வார்ட்டில் கிடந்த மனிதருக்காகப் பேச என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

மூன்றாம் முறை எடுத்தேன்.

"ஹலோ" என்றார், எரிச்சலோடு. பெயரை விட்டேன், ஆய்வுகூடத்தையும் விட்டேன். பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை, அம்மா மூடி மூடி வைத்த ஒன்றை, ஆங்கிலத்தில் தள்ளித் தள்ளி வெளியே விட்டேன்.

"போனை... வைக்காதீர்கள். எனக்குத் திக்குவாய். பொறுங்கள்."

அழகாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது. ஆனால் வந்தது. அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு மணி அடித்தது, யாரோ இருமினார்கள். அவர் மூச்சு விடுவது கேட்டது. போனை வைக்கவில்லை.

"சரி. சொல்லு" என்றார்.

என் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. ஒரு எழுத்தில் நின்றேன், பிறகு அடுத்ததில் நின்றேன். அவர் எனக்காக முடித்து வைக்கவில்லை. இதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையில் எல்லோரும் முடித்து வைத்திருக்கிறார்கள். பிறகு நோயாளியின் பெயர். பிறகு பொற்றாசியம், பிறகு எண். எண்ணைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. வேகமாகத் திருப்பிச் சொன்னார். "சரியா?"

"சரி" என்றேன். அது தடக்கவில்லை.

அவர் போனை வைப்பதற்கு முன்பே வைத்தியரைக் கூப்பிட்டுக் கத்தியது கேட்டது. பிறகு ஓடும் காலடிச் சத்தம். நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த குழாய் தொப்பென்று விழுந்ததும் எழுந்து போனேன்.

வேலை நிரந்தரமாகியது. திங்கட்கிழமை மேற்பார்வையாளரின் அறைக்குப் போய், கதவை நானே மூடிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நேரம் எடுத்தது, அவர் இருந்து கேட்டார். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிறு பிற்பகல் நடந்ததை.

ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பது எங்களுக்கு ஒரே ஒரு வழியில்தான் தெரியும், அவருடைய இரத்தம் மறுபடி வர வேண்டும். அன்று விழுந்த ஒவ்வொரு குழாயையும் எடுத்துப் பெயரைப் பார்த்தேன். வரவில்லை. இடியப்பம் பெட்டியிலேயே கிடந்தது. நான் இரண்டு தரம் மௌனமாக இருந்த நேரம் அவருக்கு என்ன செய்திருக்கும் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பகல் வேலைக்குப் பிலிப்பீன்ஸ்காரர் வந்து கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு குழாய் விழுந்தது. அதே பெயர்.

இயந்திரத்தின் முன்னாலேயே நின்றேன். எண் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் ஆபத்தான எல்லைக்குக் கீழே இன்னும் வரவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். பிலிப்பீன்ஸ்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வழக்கம்போல் போன் பக்கம் கையை நீட்டினார். போன் ஏற்கெனவே என் கையில் இருந்தது.

"ஹலோ, வார்ட்" என்றது அதே குரல்.

வாயைத் திறந்தேன். பெயரின் முதல் எழுத்தில் எல்லாம் பூட்டிக்கொண்டது. காலையில் வென்றுவிட்டேன் என்று நினைத்திருந்தேன், நாக்குக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. வைத்துவிடப் போகிறார் என்று போனைக் காதோடு இறுக்கிப் பிடித்தேன்.

"நீதானே?" என்றார் தாதி. "நான் எங்கேயும் போகவில்லை. அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லு."

நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. என் மௌனத்தைக் கேட்டு ஆளைப் பிடித்துவிட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு நேரே எண்ணுக்குப் போயிருக்கலாம். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. பெயரிலிருந்து தொடங்கினேன், அது முழுதாக வரும்வரை அவர் காத்திருந்தார்.