கிணற்றில் விட்ட ஆமைக்குஞ்சு

கல்யாணமாகி நாலாவது மாதம், என் வீட்டுக்காரர் கொள்ளுக்காட்டிலிருந்து துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். விளாம்பழமாக்கும் என்று ஆசையாய் அவிழ்த்தால் உள்ளே ஓர் ஆமைக்குஞ்சு! எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கறுத்த ஓட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கோடுகள், யாரோ உட்கார்ந்து கோலம் போட்ட மாதிரி.

"உனக்குத்தான், வச்சுக்க" என்றார்.

ஐம்பதுகளில், பாகலூர்ப் பக்கத்தில், புதுப் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருகிற ஆம்பிளையே அபூர்வம். எனக்கு வந்தது ஆமை. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் 'இது என்னுது' என்று நான் சொல்லிக்கொள்ளக் கிடைத்த முதல் உயிர் அதுதான். எப்பாடு பட்டாவது வளர்த்துவிடுவது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் எல்லாரும் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் மட்டும் அத்தை தமிழில் பேசுவார். திட்டுவதும் தமிழில்தான், எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே!

அத்தை வாசலிலேயே மறித்தார். "ஊட்டுக்குள்ள ஆமை வந்தா குடும்பம் வெளங்குமா? கொண்டுபோயி கெணத்துல உடு. நம்ம கெணத்து ஆமை போன கோடையிலயே செத்துப்போச்சு. தண்ணியில புழு நெளியுது."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஓர் ஆமை கட்டாயம் இருக்கும். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று விடுவார்கள். வீட்டுக்குள் வந்தால் பீடை, கிணற்றுக்குள் இருந்தால் மகாலட்சுமி. ஆமை என்ன பாவம் செய்ததோ!

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு பழைய காந்தல் இருந்தது. நான் பாரூர்க்காரி, ஏரிப்பாசனத்தில் நெல் விளைகிற ஊர். ராகிக் களி கிண்டினால் எனக்குக் கட்டி கட்டியாக வரும். "நெல்லுச்சோத்துக்காரிக்கு என்னா தெரியும்" என்று நாலு மாதமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்ததும் நிமிர்ந்துவிட்டேன்.

"இத்தினியூண்டு குஞ்சை விட்டா மீனு தின்னுடும் அத்தை. ஒரு மாசம் வளத்து விடறேன். நான் ஏரிக்கரையில பொறந்தவ, ஆமையைப் பத்தி எனக்கா சொல்லித்தரணும்?"

அத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் குடித்தனம் வைத்தேன். ஆமை என்றால் தண்ணீர் வேண்டாமா? அகலமான மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டேன். அது நாலு காலாலும் பிறாண்டிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி விட்டேன். மறுபடி வந்தது. "அடங்காப்பிடாரி" என்று செல்லமாகத் திட்டிவிட்டு மறுபடியும் பிடித்து உள்ளே போட்டேன். பொடி மீன் கொடுத்தேன், மண்புழு கொடுத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பஞ்சாரத்துக்கு வெளியே நழுவி, வேலியோரத்துப் பசலைக்கீரையை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பூசணிப்பூவை முழுசாகத் தின்று தீர்த்தது.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஏரி ஆமைகள் மனுஷ வாசனை பட்டாலே தண்ணீருக்குள் பாய்ந்துவிடும். இது தண்ணீரைக் கண்டால் ஓடுகிறதே? ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? ஏரிக்கரைக்காரி என்று அத்தனை ஜம்பம் அடித்தாயிற்று. 'வளர்ந்தால் தானாகப் பழகிக்கொள்ளும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாதம் முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமைக் காலை அத்தையே ஆமையின் முதுகில் மஞ்சள் குங்குமம் வைத்தார். "நீயே உடு. உன் கை ராசி எப்பிடின்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் உலை பொங்குகிறதென்று உள்ளே போனார்.

எங்களுடையது மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும் பெரிய கிணறு, ஓரமாகக் கல்படி உண்டு. வாளியில் வைத்து இறக்கினேன். வாளி சாய்ந்ததும் ஆமை மிதந்தது. முங்கவில்லை, நீந்தவில்லை. கிணற்றுச் சுவரைப் பிறாண்டியது. பாசியில் கால் வழுக்க வழுக்கத் தலை உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. எல்லாம் தெரிந்துகொண்டே, வெறும் வீம்புக்காக அதைக் கொல்லப் பார்க்கிறேனே பாவி! படியில் இறங்க எங்கே நேரம்? புடவையை வரிந்துகட்டித் தொப்பென்று குதித்துவிட்டேன்.

நீச்சல் எனக்குத் தண்ணிபட்ட பாடு. முங்கிப் போனதைக் கையால் துழாவி எடுத்துவிட்டேன். அதற்குள் பக்கத்துக் காட்டில் புல்லறுத்துக்கொண்டிருந்த அம்மாள், "ஐயையோ! புது மருமவ கெணத்துல உழுந்துட்டா!" என்று ஊரே அதிரக் கத்திவிட்டாள்.

நான் படியேறி வருவதற்குள் மேலே பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லாருடைய கண்ணும் அத்தைமேல்தான். புது மருமகள் கிணற்றில் குதித்தால் ஊர் வேறென்ன நினைக்கும்? அத்தை தலை அவிழ்ந்து, கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றார். நான் எல்லார் முன்னாலும் ஆமையை நீட்டினேன். "இது காட்டு ஆமைங்க. தண்ணியில வாழாது. எனக்குத்தான் தெரியல."

சிரித்தார்கள் பாருங்கள், அப்படிச் சிரித்தார்கள்! அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஆமையை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். மூக்கு வழியாகத் தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் அசைந்தது.

சாயங்காலம் வேலியோரத்தில் அதை வெயிலில் விட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அத்தை பசலைக்கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். அது ஒரு வாய் கடித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தை மெல்லச் சொன்னார்: "நீ படியேறி வர்ற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. நீ வந்த நாள்லேருந்து நான் உன்னச் சொன்னதையெல்லாம் ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்தேன். எந்தப் பேச்சுக்குக் குதிச்சியோன்னு."

என் வாய் சும்மா இருக்குமா?

"ஏதாச்சும் கெடச்சுதா அத்தை?"

"ரெண்டு மூணு கெடச்சுது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.